கதவு திறந்திருந்தும் போகாத நாலு காடைகள்

தம்பி குமரா,

கூண்டின் கதவு அகலத் திறந்து கிடந்தும் அந்த நாலு காடையும் ஏன் வெளியே போகவில்லை என்று அன்றைக்கு நீ கேட்டாய். எங்களிடம் கேட்கவில்லை. கூண்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவற்றிடமே கேட்டாய். இரண்டரை வருஷம் ஆகிவிட்டது. இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, அதற்குப் பின்னால் இருக்கும் இன்னொன்றைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. போனில் சொல்லலாம்தான். ஆனால் போனை எடுத்தால் நீ "சாப்ட்டீங்களாப்பா" என்பாய், நான் "ஆச்சு" என்பேன், அடுத்த நிமிஷம் போன் அம்மா கைக்குப் போய்விடும். நம் இரண்டு பேருக்கும் அவ்வளவுதான் வருகிறது. அதனால் என் பழைய ஷிப்ட் நோட்டில் எழுதுகிறேன். மங்கலம்பேட்டை ஜாபர் பாயின் மச்சான் வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்குக் கிளம்புகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புவதாக இருக்கிறேன்.

அந்தக் கூண்டை நீ கட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெல்டிங் பட்டறையில் மிச்சமான ஆங்கிள் துண்டுகளைக் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாகப் பற்றவைத்து, ஒரு ஆள் நிமிர்ந்து உள்ளே போகிற உயரத்துக்கு எழுப்பினாய். லவ் பேர்ட்ஸ், பிஞ்ச், இரண்டு காக்டெய்ல் கிளி என்று மேலே ஒரே இரைச்சல். அப்புறம் ஒருநாள் ஒரு அட்டைப்பெட்டியில் நாலு காடைக் குஞ்சோடு வந்தாய். "மேல இருக்கறதுங்க திங்கறதவிட சிந்துறதுதான் ஜாஸ்திம்மா. கீழ இதுங்கள வுட்டா எல்லாத்தையும் பொறுக்கிடும்" என்று அம்மாவிடம் சொன்னாய். நான் கேட்டுக்கொண்டே ஷிப்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். "காடைய ஊரே வறுத்துத் திங்குது. நம்ம வூட்ல ஒருத்தன் மடியில வச்சிக் கொஞ்சறான்" என்று சொல்லிவிட்டுப் போனேன். நீ சிரித்தாய். எனக்காகத்தான் சிரித்தாய் என்று இப்போது தோன்றுகிறது.

அன்றைக்கு நடந்ததை நீ பார்த்த அளவுக்கு முதலில் சொல்கிறேன். மத்தியானம் சாப்பிட வந்தாய். அம்மா தோட்டத்துக் கல்லில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். முருங்கைமேல் பச்சையும் மஞ்சளுமாக லவ் பேர்ட்ஸ். கரண்டுக் கம்பியில் இரண்டு. சுற்றிலும் காக்கை. நீ தினைக் கிண்ணத்தை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டாய், ஒன்றும் இறங்கவில்லை. சாயங்காலத்துக்குள் கண்ணுக்குத் தெரிந்தவையும் காணாமல் போயின. மூன்றாம் நாள் ஒரு காக்டெய்ல் மட்டும் தானாக வந்து கூண்டின் மேல் உட்கார்ந்தது. காடைகள் நாலும் போகவேயில்லை. பின்மூலையில் பலகைக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கிக் கிடந்தன. "நாந்தாம்மா. காலைல தண்ணி வச்சிட்டு கொக்கிய போடாம போயிட்டேன்" என்று நீ சொன்னாய். அதற்குப் பிறகு நீ வேறு பறவை வாங்கவில்லை. மூன்று மாதத்தில் விசா வந்தது. ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, "காடைங்கள யாராச்சும் வளக்கறவங்களுக்குக் குடுத்துடுங்கப்பா. நல்ல எடமா பாத்து குடுங்க" என்றாய்.

நான் கொடுக்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதல் ஒரு மாதம் தினையும் தண்ணீரும் வைப்பதோடு சரி. பிறகு சும்மா நின்று பார்க்க ஆரம்பித்தேன். பெயின்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். அவை கூண்டின் நடுவுக்கு வருவதே இல்லை. இந்தப் பக்கம் இருக்கும் தண்ணீரைக் குடிக்க, நேராக நாலு எட்டு வைத்தால் போதும் என்கிற இடத்தில், மூன்று பக்கச் சுவரையும் ஒட்டிச் சுற்றிக்கொண்டு வரும். என்ன கணக்கு இது என்று யோசிப்பேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என் மூஞ்சிய இவ்ளோ நேரம் ஒக்காந்து பாத்ததில்ல இந்த மனுஷன்" என்பாள். உண்மைதானே.

ஒரு சாயங்காலம் பூனை ஒன்று கூண்டின் தகரக் கூரைமேல் குதித்தது. நாலு காடையும் துப்பாக்கியில் சுட்டதுபோல் நேராக மேலே எகிறின. மூன்று தகரத்தில் மோதித் தரையில் விழுந்து ஓடின. ஒன்று ஆங்கிள் முனையில் இடித்துக்கொண்டது. எடுத்துக் கையில் வைத்தபோது சூடாகத்தான் இருந்தது. கழுத்து மட்டும் நிற்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் பீங்கான் கம்பெனிச் சூளையில் அடுக்கி இறக்கிய கை இது. ஒரு பீங்கானை விரலால் சுண்டினால் சத்தத்தை வைத்தே எங்கே விரிசல் என்று சொல்லிவிடுவேன். அந்தச் சின்ன உடம்பை எத்தனை தடவை தடவிப் பார்த்தும் எங்கே உடைந்தது என்று தெரியவில்லை.

அன்றைக்குத்தான் ஜாபர் பாயைத் தேடிப் போனேன். உனக்கு அவரைத் தெரியாது. மங்கலம்பேட்டையில் துணிக்கடை, என்னைவிடப் பத்து வயது சின்னவர். குவைத்தில் பலகாலம் இருந்துவிட்டு வந்து மாடி முழுக்கப் பறவை வளர்க்கிறார். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் என் சட்டையில் ஒட்டியிருந்த காடை இறகைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார், அப்படிப் பழக்கம். நடந்ததைச் சொன்னதும், "அண்ணே, அது பறந்து போவணும்னு எகிறல. பயந்தா நேரா மேல எகிறும், அதுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். கூரைக்குக் கீழ தொளதொளன்னு வலை கட்டுங்க, தலை தப்பிக்கும். ஆனா மொதல்ல பதுங்கறதுக்கு எடம் குடுங்க. கிட்ட பதுங்க எடம் இருந்தா அது எகிறாது, ஓடி உள்ள பூந்துக்கும்" என்றார். பச்சை வலையை அன்றைக்கே வாங்கிவந்து கட்டிவிட்டேன். பதுங்க இடம் என்பதுதான் எனக்கு மாதக்கணக்கில் வேலை வைத்தது.

ஆப்பிள் பெட்டி ஒன்றில் வட்டமாக ஓட்டை போட்டு வைத்தேன். எட்டு நாள் ஒன்றும் உள்ளே போகவில்லை. உள்ளே தினையைத் தூவினால், உடம்பை வெளியே வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டிப் பொறுக்கிக்கொண்டன. சரி, மரம் பிடிக்கவில்லை போல என்று ஒரு மண்பானையைப் படுக்கவைத்தேன். அதற்குள் போயின. எனக்குப் பெருமை தாங்கவில்லை, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாள் பார்த்தால் ஒரு பொட்டைக்குத் தலையில் இறகே இல்லை. சேவல் காடை அதைத் துரத்தியிருக்கிறது, அது பானைக்குள் ஓடியிருக்கிறது, பின்னாலேயே வந்த சேவல் வாயை அடைத்து நின்று கொத்தியிருக்கிறது. திரும்ப வர வழியில்லை. அன்று பானையின் அடியைத் தட்டி உடைத்து எடுத்தேன். இந்தப் பக்கம் புகுந்தால் அந்தப் பக்கம் வரலாம். அதோடு அந்தப் பிரச்சினை முடிந்தது. மூன்றும் வெயில் நேரத்தில் அதற்குள்தான் இருந்தன. குமரா, நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன் என்பதால் இதைச் சொல்கிறேன். கோபம் வந்தால் நான் உன் அம்மாவை வாசப்படியில் மறித்து நின்றுதான் பேசியிருக்கிறேன். அவள் அடுப்படியில் இருப்பாள், நான் நிலையில் கை வைத்து நிற்பேன். நீயும் பார்த்து வளர்ந்தாய். அதை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே. அவள் எழுந்து போக வேண்டும் என்றால் போக வழிவிட்டு நில்.

அப்புறம் குழாய். எங்கள் யூனிட்டுக்குப் பக்கத்தில் விரிசல் விட்ட சுட்டமண் குழாய்த் துண்டுகள் மலையாகக் கிடக்கும் இல்லையா, அதில் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். அங்கே இருந்த வாட்ச்மேன், "இன்னாண்ணே, வூடு கட்றீங்களா?" என்றான். "ஆமாம்பா, மூணு பேருக்கு" என்றேன். சைக்கிளில் நாலு நடை. இரண்டு முழ நீளத் துண்டுக்குள் அவை போகாது, நடுவில் இருட்டு. ஒரு முழம் என்றால் போகும். நெடுக்காகப் பிளந்த பாதிக் குழாயைக் கவிழ்த்து, இரண்டு கல்மேல் தூக்கிவைத்தால் ரொம்பப் பிடிக்கும். முதுகுக்கு மேலே ஒரு மறைப்பு வேண்டும், கண்ணுக்கு முன்னால் வெளிச்சமும் வேண்டும், அதுதான் அவற்றின் விருப்பம் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு சித்திரை முழுக்க ஆயிற்று. இதையெல்லாம் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். எந்தக் குழாயில் எத்தனை மணிக்கு எது போனது என்று. சூப்பர்வைசர் பார்த்தால் சிரிப்பார்.

உன் கேள்விக்கு இப்போது வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காக்டெய்லைச் சின்னக் கூண்டுக்கு மாற்றிவிட்டு, வாசலுக்கு வெளியே நாலு கழி நட்டு மீன்வலை சுற்றினேன், பூனை வராமல் இருக்க. பிறகு கதவைத் திறந்துவைத்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை திறந்தே கிடந்தது. ஒன்றும் வரவில்லை. வெளியே தினை போட்டேன், கீரை போட்டேன். பார்த்தன, வரவில்லை. அதுவரை நான் அம்மாவிடம், "அதுங்களுக்குப் பாசம், அவன் வளத்த வூட்ட வுட்டுப் போவாது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா, "பாசமும் இல்ல ஒண்ணும் இல்ல, போக்கத்ததுங்க" என்பாள். அடுத்த ஞாயிறு வேறு ஒன்று செய்தேன். அவை இருக்கும் மூலைக்கும் கதவுக்கும் நடுவில் ஆறடி வெறும் சிமென்ட் தரை. அதில் நாலு பாதிக் குழாயை இடைவிட்டு இடைவிட்டுக் கதவுவரை வைத்தேன். அரைமணி நேரம்தான். சேவல் முதல் குழாயிலிருந்து இரண்டாவதற்கு ஓடியது, நின்றது, மூன்றாவது, நாலாவது, வெளியே. பின்னாலேயே பொட்டைகள். துணி துவைக்கிற கல்லைச் சுற்றி மூன்றும் மேய்ந்தன. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது, தட்டவில்லை. பாசமும் இல்லை, போக்கற்றதும் இல்லை, குமரா. வெறும் தரையைக் கடக்கப் பயம். அவ்வளவுதான்.

பிறகு ஜாபர் பாய் நாலு ஜோடி பிஞ்சும் மூன்று ஜோடி லவ் பேர்ட்ஸும் கொடுத்தார். கூண்டு மறுபடி நிறைந்தது. அப்போது அடுத்த பாடம். மேலே அவை உட்காரும் கழிக்கு நேர் கீழே குழாய்கள் இருந்தன. எச்சமெல்லாம் காடையின் முதுகிலும் தண்ணீரிலும் விழுந்தது. ஒரு பொட்டை இரண்டு நாள் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கழிகளை எல்லாம் கதவுப்பக்கம் மாற்றி, காடைகளின் பக்கம் மேலே ஒன்றும் இல்லாமல் ஆக்கினேன், தேறிவிட்டது. ஐப்பசி மழையில் பின்மூலையில் தண்ணீர் தேங்கியது. அந்தப் பக்கம் முழுக்கச் செங்கல் துண்டு போட்டு உயர்த்தி, மேலே ஆற்று மணல் கொட்டினேன். இப்போது அந்த மணலில்தான் மூன்றும் சாய்ந்து படுத்துக் குளிக்கின்றன. மழை பெய்யும்போது குழாய்க்குள் நின்றபடி வெளியே வேடிக்கை பார்க்கும். நீ பார்க்க வேண்டும்.

இதைத்தான் போன வாரம் உன்னிடம் போனில் ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். நல்லூர்ப் பெண்ணோடு தை மாதம் கல்யாணம் என்று முடிவாகி, நீ மார்கழிக் கடைசியில் வருவதாகச் சொன்ன அன்று. கூண்டு தயாராக இருக்குது, வந்து நீயே பார்த்துக்கொள் என்றேன். "எனக்கு வேணாம்பா. உசுரு இருக்கறது எதுவும் என் பொறுப்புல இருக்க வேணாம். இங்க ரூம் கதவ பூட்டிட்டு மூணு தடவ திரும்பி வந்து பாக்கறேன், எல்லாரும் சிரிக்கறானுங்க" என்றாய். நீயும் சிரித்தாய். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

குமரா, அன்றைக்கு நீ கொக்கியைப் போட்டுவிட்டுத்தான் போனாய்.

திறந்தது நான். அதற்கு முந்தின நாள் உன்னை மாப்பிள்ளை பார்க்க ஒரு குடும்பம் வந்தது நினைவிருக்கும். தோட்டத்துப் பக்கம் கை கழுவப் போன பெண்ணின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது மனுஷ வூடா, பறவ வூடா?" என்று கேட்டார்கள். உன் அம்மா சிரித்துச் சமாளித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த வாரம் எனக்கு இரண்டாம் ஷிப்ட், காலையில் வீட்டில்தான் இருந்தேன். அம்மா ரேஷன் கடைக்குப் போனாள். நான் போய்க் கொக்கியை எடுத்துக் கதவைத் திறந்துவைத்தேன். பறவைகள் போகவில்லை. திறந்த கதவைப் பார்த்துக்கொண்டு கழியிலேயே உட்கார்ந்திருந்தன. அப்போதாவது மூடியிருக்கலாம். நான் பின்பக்கம் போய் நின்று கைதட்டினேன். கம்பியைத் தட்டினேன். மேலே இருந்தவை எல்லாம் கதவு வழியாகப் போயின. கீழே இருந்த நாலும் மூலைக்கு ஓடின. நான் ஜங்ஷன் ரோட்டில் டீக்கடைக்குப் போய் இரண்டு டீ குடித்தேன். பறந்து போய் எங்காவது பிழைத்துக்கொள்ளும், பெண் கொடுக்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்த மாட்டார்கள் என்று நினைத்தேன். காக்கையை நான் நினைக்கவில்லை. திரும்பி வரும்போது சாக்கடையோரம் பச்சை இறகு கிடந்தது. நான் துரத்தியும் போகாமல் மிஞ்சிய அந்த நாலையும் இன்னொருவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வராமல் போனது அதனால்தான்.

இதுவரை செய்ததைக்கூட நீ ஒருநாள் மன்னிக்கலாம். அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு ஆறவில்லை. நீ "நாந்தாம்மா" என்று சொன்னாயே, அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். "கவனம் இருக்கணும்டா, எதுலயும்" என்றேன். உனக்குப் புத்தி சொல்வதுபோல் சொன்னேன். நான் பிடிபடாமல் இருக்கச் சொன்ன வார்த்தை அது. நீ அதை மஸ்கட் வரைக்கும் எடுத்துக்கொண்டு போய், பூட்டிய கதவுக்குத் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறாய். நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். அதற்கு நீ புத்தி சொல்லும்போது, யாருக்காகச் சொல்கிறாய் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சொல். உன் கையில் குறை எதுவும் இல்லை. நீ பற்றவைத்த இணைப்பு ஒன்றுகூட இந்தக் கூண்டில் இன்னும் விடவில்லை. பறவை வேண்டும் என்றால் வளர்த்துக்கொள், வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் உன்னால் முடியாது என்று மட்டும் நினைக்காதே.

இந்தப் பக்கம்வரை எழுதியதை அம்மாவிடம் கொடுத்தேன். அவளுக்கும் இதுவரை தெரியாது. அடுப்பை அணைத்துவிட்டு, நின்றபடியே முழுக்கப் படித்தாள். நோட்டை மூடி என் பக்கத்தில் வைத்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தட்டு வைப்பாள், போய்விடுவாள். நான் வழியில் நிற்காமல் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். இன்று காலையில் துணி காயப்போட்டுக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள். "குடுத்தனுப்புங்க. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். அவன் வந்து கேக்கும்போது நான் நடுவுல வர மாட்டேன். நீங்களே நின்னு வாங்கிக்குங்க."

சரி என்றேன்.

அதனால் நீ வருகிற அன்று ஜங்ஷனுக்கு நான் மட்டும் வருகிறேன். சொந்தக்காரர் யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரயிலை விட்டு இறங்கியதும் என்னைக் கேட்க வேண்டியதை எல்லாம் கேள். வீட்டுக்குப் போகலாம் என்று அவசரப்படாதே, கல்யாணம் முடியட்டும் என்று அடக்கி வைக்காதே. நான் பதில் பேசாமல் கேட்டுக்கொள்கிறேன். பெட்டியை மட்டும் என் கையில் கொடுத்துவிடு, நீ பேசி முடிக்கிறவரை நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அப்பா